பதிவேடுகளில் ஒரு வளர்ப்பு மகள்: டைடோ எலிசபெத் பெல்லின் அடையாளம் குறித்த ஆவணவழி ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மேன்ஸ்ஃபீல்டு பிரபுவின் இல்லத்தில் வளர்ந்தவர் டைடோ எலிசபெத் பெல். அடிமைத்தளையில் இருந்த ஆப்பிரிக்க மரபுப் பெண் ஒருவருக்கும் பிரித்தானியக் கடற்படைத் தலைவர் ஜான் லிண்ட்சேக்கும் பிறந்தவராக இவர் அறியப்படுகிறார். இவரை வளர்த்தெடுத்தமைக்குச் சட்டமுறையான தத்து ஆவணம் எதுவுமில்லை. திருமுழுக்குப் பதிவேடு, நாட்குறிப்பு, நூற்குறிப்பு, நிலமாற்ற ஆவணம், வீட்டுக் கணக்கு, உயில், ஓவியம் ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளே இவருடைய வரலாற்றுக்கு ஆதாரம். அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அம்முரண்களை ஒப்புநோக்கி, இவருடைய பிறப்பு, பெற்றோர், தகுதிநிலை ஆகியவை குறித்து எவ்வளவு தூரம் துணியலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையோடு இக்குடும்பத்திற்கு இருந்த இருவேறு தொடர்புகளும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டைடோ எலிசபெத் பெல், மேன்ஸ்ஃபீல்டு, ஜான் லிண்ட்சே, வளர்ப்பு, அடிமைமுறை, திருமுழுக்குப் பதிவேடு, உயில், சென்னைப் படை

முன்னுரை

பிறப்பாலோ தத்தாலோ ஒரு குடும்பத்திற்கு உரியவர் என்று நிறுவப்பட்டவரின் வரலாற்றை எழுதுவது ஒப்பீட்டளவில் எளிது. முறைப்படி தத்தெடுக்கப்படாமல், அன்பினாலோ கடமையினாலோ ஒரு வீட்டில் வளர்ந்த குழந்தையின் வரலாறு அத்தகையதன்று. அக்குழந்தை யாருடைய பெயரில் பதியப்படும், எந்தப் பத்தியில் எழுதப்படும், எந்தச் சொல்லால் குறிக்கப்படும் என்பனவெல்லாம் பதிவு செய்பவரின் நோக்கத்தைப் பொறுத்தே அமைகின்றன. அவ்வகையில் ஆவணங்கள் குழந்தையைப் பற்றிப் பேசுவதைவிட, அதை எங்கே வைப்பது என்று அறியாத சமூகத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன.

டைடோ எலிசபெத் பெல்லின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று. ஜீன் ஆடம்ஸ் 1984இல் கேம்டன் வட்டார வரலாற்று ஆய்விதழில் இவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இவர் ஆய்வாளரின் தொடர்ந்த கவனத்தைப் பெற்றார். பின்னர் நாவல்களும் 2013இல் வெளிவந்த 'பெல்' என்னும் திரைப்படமும் இவரைப் பரவலாக அறியச் செய்தன. புனைவுகள் இடைவெளிகளை நிரப்பிவிட்ட நிலையில், மூல ஆவணங்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்பதை மீண்டும் பிரித்தறிவது தேவையாகிறது.

1. தத்தும் வளர்ப்பும்: சட்டத்தின் வெற்றிடம்

தமிழ்ச் சமூகத்தில் 'தத்து' அல்லது 'சுவீகாரம்' என்பதற்கும் 'எடுத்து வளர்த்தல்' என்பதற்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு. முன்னது கொடுத்தலும் ஏற்றலும் உடைய சட்டச் செயல், வாரிசுரிமையைத் தோற்றுவிப்பது. பின்னது உறவும் பரிவும் சார்ந்தது. மகனாகவே கருதி வளர்க்கப்பட்டும் முறைப்படி தத்தெடுக்கப்படாதவரைக் குறிக்க 'அபிமான புத்திரன்' என்னும் சொல் வழக்கில் இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும் கொடுத்தல், ஏற்றல் ஆகிய இரண்டையும் தத்தின் இன்றியமையாக் கூறுகளாகக் கொள்கிறது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வேறுபாட்டிற்கே இடமில்லை. அங்குத் தத்தெடுப்பைச் சட்டம் முதன்முதலில் ஏற்றது 1926இல்தான். அதற்கு முன்னர் வளர்ப்பு அனைத்தும் முறைசாரா வளர்ப்பே. திருமணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையை அந்நாட்டுப் பொதுச்சட்டம் 'எவருக்கும் மகவல்லாதது' என்று கருதியது. அக்குழந்தைக்குத் தந்தைவழிச் சொத்துரிமை இல்லை. உயிலில் பெயர் சொல்லி எழுதினாலொழிய எதுவும் கிடைக்காது. எனவே இங்கிலாந்தில் இத்தகைய குழந்தையைத் தேடும் ஆய்வாளர் தத்துப் பத்திரத்தைத் தேடுவதில் பயனில்லை. உயில்களையும் கணக்கேடுகளையும் திருச்சபைப் பதிவேடுகளையுமே நாட வேண்டியுள்ளது. டைடோவின் அடையாளம் உறுதியற்றதாக இருப்பதற்கு முதற்காரணம் ஆவண அழிவு அன்று. ஆவணப்படுத்துவதற்கான சட்ட வடிவமே அக்காலத்தில் இல்லாமையாகும்.

2. திருமுழுக்குப் பதிவேடு

டைடோவைப் பற்றிய அடிப்படை ஆவணம் இலண்டன் புளூம்ஸ்பரியில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேடு. 1766 நவம்பர் 20ஆம் நாளிட்ட பதிவு, டைடோ எலிசபெத் என்பவரைப் பெல் என்பவருக்கும் அவர் மனைவி மரியாவுக்கும் மகளாகவும் ஐந்து வயதினராகவும் குறிக்கிறது. இவ்வொரு வரியில் கவனத்திற்குரிய செய்திகள் நான்கு உள்ளன.

முதலாவது, இடம். மேன்ஸ்ஃபீல்டு பிரபுவின் இலண்டன் இல்லம் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் இருந்தது. அவருடைய வட்டார ஆலயத்திலேயே குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்திருப்பது, 1766 இறுதிக்குள் அவ்வீட்டோடு தொடர்பு ஏற்பட்டிருந்ததை உணர்த்துகிறது.

இரண்டாவது, தந்தையின் பெயர். லிண்ட்சேயின் பெயர் பதிவேட்டில் இல்லை. 'பெல்' என்னும் ஒருவர் மரியாவின் கணவராகக் காட்டப்படுகிறார். ஆயின் 1774ஆம் ஆண்டின் ஆவணங்களில் மரியா பெல் கணவர் பெயரின்றித் தனித்தே குறிக்கப்படுகிறார். ஆகவே பதிவேட்டில் உள்ள கணவர், குழந்தையின் பிறப்பு முறையற்றது என்னும் குறிப்பைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்ட வழக்குத் தொடராக இருத்தல் கூடும். தாயின் பெயரிலிருந்தே கற்பனைத் தந்தை ஒருவர் உருவாக்கப்பட்டார் எனக் கொள்வதே பிற ஆவணங்களோடு பொருந்துகிறது.

மூன்றாவது, வயது. ஐந்து வயது நிறைந்தவர் என்று கொண்டால் பிறப்பு 1760 நவம்பர் இறுதிக்கும் 1761 நவம்பர் 20க்கும் இடைப்பட்டது. 1761 என இன்று கூறப்படும் பிறப்பாண்டு இக்கணக்கிலிருந்து பெறப்படுவதே.

நான்காவது, காலத்தாழ்வு. பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ திருமுழுக்கு அளிப்பதே அக்கால வழக்கம். ஐந்து வயதில் அது நிகழ்ந்தமை, குழந்தையின் தொடக்க ஆண்டுகள் வேறு சூழலில் கழிந்தன என்னும் ஐயத்தை எழுப்புகிறது. இவ்வையத்தைத் தீர்க்கப் பிற சான்றுகளை நாட வேண்டும்.

3. பிறந்த இடம்: முரண்படும் சான்றுகள்

டைடோ எங்குப் பிறந்தார் என்பதற்கு நேரடிச் சான்று கூறுவோர் இருவர். ஒருவர் மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநரும் அமெரிக்கப் புரட்சியின்போது இலண்டனில் அடைக்கலம் புகுந்தவருமான தாமஸ் ஹட்சின்சன். மற்றவர் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞரும் கவிஞருமான ஜேம்ஸ் பீட்டி.

ஹட்சின்சன் 1779 ஆகஸ்டில் மேன்ஸ்ஃபீல்டின் கென்வுட் மாளிகையில் விருந்துண்டார். உணவிற்குப் பின் கறுப்பினப் பெண் ஒருவர் வந்து பெண்களோடு அமர்ந்ததையும், பின்னர் அவ்வீட்டு இளம்பெண்ணோடு கைகோத்து உலவியதையும் வியப்பும் ஏளனமும் கலந்து தம் நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய குறிப்பின்படி லிண்ட்சே ஸ்பானியக் கப்பல் ஒன்றில் அப்பெண்ணின் தாயைச் சிறைப்பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கே இக்குழந்தை பிறந்தது.

பீட்டி 1790களில் வெளியிட்ட அறவியல் நூலில், கறுப்பின மக்களின் அறிவாற்றலைக் குறைத்து மதிப்பிட்டவர்களை மறுக்கும்போது ஒரு சிறுமியை எடுத்துக்காட்டுகிறார். ஏறத்தாழப் பத்து வயதினரும் ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்பவருமான அச்சிறுமி, அந்நாட்டில் பிறந்தவரைப் போன்ற உச்சரிப்போடு பேசியதையும் செய்யுள்களைச் சிறப்பாக ஒப்பித்ததையும் அவர் பதிவு செய்கிறார். அவர் மேன்ஸ்ஃபீல்டின் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும் பெயர் டைடோ என்றும் அடிக்குறிப்பில் விளக்குகிறார்.

இவ்விரு கூற்றுகளும் உடன்பட இயலாதவை. ஹட்சின்சனின்படி டைடோ இங்கிலாந்தில் பிறந்தவர். பீட்டியின்படி ஏறத்தாழ நான்கு வயதில் அங்கு வந்தவர். எதை ஏற்பது?

ஹட்சின்சனின் கூற்றில் காலமுரண் உண்டு. பிரிட்டன் ஸ்பெயின் மீது போர் தொடுத்தது 1762 சனவரி 4ஆம் நாள். அதன் பின்னரே ஸ்பானியக் கப்பல்கள் பகைக் கப்பல்களாயின. அவ்வாண்டு ஹவானா முற்றுகையில் லிண்ட்சே பங்கேற்றார் என்பதும் உண்மையே. ஆயின் பதிவேட்டின்படி குழந்தை 1761 நவம்பர் 20க்கு முன்னரே பிறந்துவிட்டது. எனவே போர்க்காலத்தில் பிடிபட்ட ஸ்பானியக் கப்பலில் தாய் இருந்தார் என்பதும், அதன் பின் குழந்தை பிறந்தது என்பதும் பதிவேட்டின் வயதோடு பொருந்தா. போருக்கு முன் நடுநிலைக் கப்பலொன்று தடுத்து நிறுத்தப்பட்டிருக்கலாம்; பதிவேட்டின் வயது பிழைபட்டிருக்கலாம்; அல்லது பல ஆண்டுகளுக்குப் பின் வாய்மொழியாகக் கேட்ட கதையில் பிரெஞ்சுக் கப்பல் ஸ்பானியக் கப்பலாக மாறியிருக்கலாம். லிண்ட்சே 1757 முதல் தலைமையேற்ற 'டிரென்ட்' கப்பல் மேற்கிந்தியக் கடற்பகுதியில் பிரெஞ்சுக் கப்பல்களை வேட்டையாடி வந்தது என்பதால் மூன்றாவது வாய்ப்பைப் புறந்தள்ள இயலாது.

பீட்டியின் கூற்றையும் அப்படியே ஏற்றல் கூடாது. பிறநாட்டிலிருந்து வந்த சிறுமி தாய்மொழியாளரைப் போலப் பேசினார் என்பது அவருடைய வாதத்திற்கு வலுச் சேர்ப்பது. ஆகவே அவர் 'ஆறு ஆண்டுகள்' என்பதை வலியுறுத்துவதில் ஓரளவு தன்னலம் உண்டு. எனினும் அவர் தரும் எண்கள் தனித்து நிற்கவில்லை. 1761இல் பிறந்தவருக்கு 1771 அளவில் பத்து வயது. ஆறு ஆண்டுகளைக் கழித்தால் வருகை 1765 அளவில். அதற்கு அடுத்த ஆண்டே திருமுழுக்கு. லிண்ட்சே 1764இல் 'டார்ட்டர்' கப்பலில் ஹாரிசனின் புகழ்பெற்ற கடற்காலமானியைச் சோதனைக்காகப் பார்படோசுக்கு ஏற்றிச் சென்று, பின்னர்ப் பென்சகோலாப் பகுதியில் பணியாற்றினார். அவருடைய பணிக்காலம், பீட்டியின் எண்கள், பதிவேட்டின் காலத்தாழ்வு ஆகிய மூன்றும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. எனவே டைடோ இங்கிலாந்துக்கு வெளியே பிறந்து, 1765ஐ ஒட்டி அங்குக் கொண்டுவரப்பட்டார் என்பதே வலுவான முடிபாகத் தோன்றுகிறது. இது உறுதிப்பாடன்று, ஒன்றையொன்று சாராத சான்றுகளின் இணக்கத்தால் பெறப்படும் நிகழ்தகவு.

4. தாய்: பென்சகோலா ஆவணங்கள்

மேற்கு ஃபுளோரிடாவின் பென்சகோலா 1763 முதல் பிரித்தானிய ஆட்சியில் இருந்தது. அங்கு லிண்ட்சேக்கு மனை இருந்தது. 1774இல் அம்மனையை மரியா பெல் என்னும் கறுப்பினப் பெண்ணுக்கு அவர் மாற்றிக் கொடுத்த ஆவணம் கிடைத்துள்ளது. பத்தாண்டுகளுக்குள் அம்மனையில் வீடு கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஆவணம் மரியாவைப் பென்சகோலாவைச் சேர்ந்தவர், இப்போது இலண்டனில் இருந்தவர், விடுவிக்கப்பட்டவர் என்னும் பொருள்பட விவரிக்கிறது. அதே ஆண்டைச் சேர்ந்த விடுதலைச் சாசனம் அவருக்கு ஏறத்தாழ 28 வயது என்கிறது.

இவ்வயதைக் கொண்டு கணக்கிட்டால் மரியா 1746ஐ ஒட்டிப் பிறந்தவர். டைடோ பிறந்தபோது அவருக்குப் பதினான்கு அல்லது பதினைந்து வயது. இக்கணக்கு, லிண்ட்சேக்கும் மரியாவுக்கும் இருந்த உறவைக் காதலாகச் சித்திரிக்கும் புனைவுகளை ஐயத்திற்குள்ளாக்குகிறது. விடுதலை பெறாத, பருவ வயதைத் தாண்டாத சிறுமிக்கும் போர்க்கப்பல் தலைவருக்கும் இடையில் இசைவு என்னும் சொல்லுக்கு எவ்வளவு பொருள் இருக்க முடியும் என்பதை ஆய்வாளர் கேட்டாக வேண்டும். மரியாவின் குரல் எந்த ஆவணத்திலும் இல்லை. விற்பனைக்கும் விடுதலைக்கும் உரிய பொருளாகவே அவர் எழுத்தில் இடம்பெறுகிறார். தமிழகத்தின் ஆளோலைகளையும் அடிமை ஓலைகளையும் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று.

இவ்வாவணங்களால் பெறப்படும் மற்றொரு செய்தியும் முதன்மையானது. மரியா 1774இல் முறைப்படி விடுவிக்கப்பட்டாரெனில், 1761இல் அவர் சட்டப்படி விடுதலை பெற்றவர் அல்லர். அமெரிக்க, மேற்கிந்தியக் குடியேற்றங்களில் தாயின் நிலையே குழந்தையின் நிலை. டைடோ அங்கே பிறந்திருந்தால் பிறப்பிலேயே அடிமை. ஆகவே பிறந்த இடம் பற்றிய வினா வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. அவர் சுதந்திரமானவரா என்பதையே தீர்மானிப்பது.

5. தந்தை: சென்னைப் பணியும் மற்றோர் எலிசபெத்தும்

லிண்ட்சே மேன்ஸ்ஃபீல்டின் உடன்பிறந்தாள் மகன். 1768இல் மேரி மில்னரை மணந்தார்; அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1769இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவராக நியமிக்கப்பட்டு, 1770இல் சென்னை வந்தார். 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் கூறு முகமது அலி வாலாஜாவைக் கர்நாடகத்தின் நவாபாக ஏற்றிருந்தது. அதனை முன்னிட்டு, நவாபிடம் மன்னரின் நேரடிப் பேராளராகச் செயல்படும் அதிகாரமும் லிண்ட்சேக்கு அளிக்கப்பட்டிருந்தது. கும்பினியின் சென்னை ஆட்சிக்குழு இதனைத் தன் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதியது. நவாபின் பக்கம் சாய்ந்த லிண்ட்சேக்கும் ஆட்சிக்குழுவுக்கும் கடும் பூசல் மூண்டது. 1771இல் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். ராபர்ட் ஹார்லண்ட் அவருக்குப் பின் வந்தார்.

கர்நாடக வரலாற்றாசிரியர்களுக்கு இச்செய்தி பழகியது. அதே காலத்தில் அவருடைய பத்து வயது மகள் மேன்ஸ்ஃபீல்டின் வீட்டில் செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தார் என்பதை இதனோடு இணைத்துப் பார்க்கும்போது வளர்ப்பின் தன்மை விளங்குகிறது. தந்தை கடலிலும் அயல்நாட்டிலும் இருக்க, குழந்தையின் அன்றாடப் பொறுப்பு முழுவதும் மேன்ஸ்ஃபீல்டு இணையரிடமே இருந்தது.

லிண்ட்சே 1788 சூன் 4ஆம் நாள் இறந்தார். அவருடைய மறைவுச் செய்தியை வெளியிட்ட இலண்டன் நாளேடொன்று, கலப்பினத்தவரான இயற்கை மகள் ஒருவரை அவர் விட்டுச் சென்றதாகவும், அம்மகள் மேன்ஸ்ஃபீல்டின் குடும்பத்தில் வளர்ந்து அனைவரின் மதிப்பையும் பெற்றவர் என்றும் எழுதியது. ஹட்சின்சனின் தனிப்பட்ட நாட்குறிப்புக்குப் பின், தந்தை யார் என்பதை அச்சில் வெளிப்படையாகக் கூறும் சான்று இது.

லிண்ட்சேயின் உயில் வேறொரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. தம் மகனாகவும் மகளாகவும் கருதப்படும் ஜான், எலிசபெத் லிண்ட்சே ஆகிய இருவரின் நலனுக்கென 1,000 பவுனை அவர் ஒதுக்குகிறார். இந்த எலிசபெத் நம் டைடோ எலிசபெத்தே என்று முன்னைய எழுத்தாளர் சிலர் கொண்டனர். பெயரொற்றுமை தவிர இதற்கு ஆதாரமில்லை. எதிரான காரணங்கள் இரண்டு. ஒன்று, உயிலில் உள்ளவர் லிண்ட்சே என்னும் குடும்பப் பெயர் பெற்றவர். அதே பத்தாண்டில் எழுதப்பட்ட மேன்ஸ்ஃபீல்டின் உயிலில் டைடோ 'பெல்' என்றே குறிக்கப்படுகிறார். மற்றொன்று, லிண்ட்சேக்கு எலிசபெத் என்னும் வேறொரு மகள் இருந்ததும், அவர் பின்னர்ப் பால்மர் என்னும் மணப்பெயர் பெற்றதும் தெரியவந்துள்ளன. எனவே தந்தையின் உயிலில் டைடோ இல்லை என்று கொள்வதே பொருத்தம். பெயரொற்றுமையை ஆளொற்றுமையாகக் கொள்ளும் பிழைக்கு இது தக்க எச்சரிக்கை.

6. வீட்டுக் கணக்கும் உயிலும்: தகுதிநிலை

மேன்ஸ்ஃபீல்டின் வீட்டில் டைடோவோடு வளர்ந்தவர் எலிசபெத் மர்ரே. மேன்ஸ்ஃபீல்டின் உடன்பிறந்தார் வழிவந்த ஸ்டார்மண்ட் பிரபுவின் மகள். 1766இல் தாயை இழந்தவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரையும் கணக்கேடுகள் வேறுபடுத்தியே காட்டுகின்றன. டைடோவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பவுன் 10 ஷில்லிங். எலிசபெத்துக்கு ஏறத்தாழ 100 பவுன். பணிப்பெண்ணின் ஊதியத்தைவிடப் பன்மடங்கு மிகுந்ததும், உறவினரின் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியதுமான இத்தொகையே அவருடைய இடைநிலையை மிகத் துல்லியமாக அளந்து காட்டுகிறது. அவர் நோயுற்றபோது கழுதைப்பால் வாங்கிய செலவும் அக்கணக்கில் உண்டு.

ஹட்சின்சன் அவரைப் பால்பண்ணையையும் கோழிப்பண்ணையையும் மேற்பார்ப்பவராகக் காண்கிறார். மேன்ஸ்ஃபீல்டு 1786இல் நீதிபதி புல்லருக்கு விடுத்த கடிதமோ டைடோவின் கையால் எழுதப்பட்டது. அதனை மேன்ஸ்ஃபீல்டே இறுதியில் குறிப்பிடுகிறார். தலைமை நீதிபதி சொல்லச் சொல்ல எழுதும் கல்வியும் நம்பிக்கையும் அவருக்கு இருந்தன. ஒருவரையே ஒருவர் பண்ணைக் கண்காணியாகவும் மற்றொருவர் எழுத்துத் துணைவராகவும் பதிவு செய்திருப்பது, சான்றாளரின் பார்வை எவ்வளவு தூரம் சான்றை வடிவமைக்கிறது என்பதைக் காட்டுகிறது. டைடோ என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் இராது என்றும் ஹட்சின்சன் கருதினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே புளூம்ஸ்பரிப் பதிவேடு அவரை எலிசபெத் என்றும் அழைத்திருந்தது.

மேன்ஸ்ஃபீல்டு 1782இல் எழுதிய உயிலில் டைடோ எலிசபெத் பெல்லின் விடுதலையை 'உறுதிப்படுத்துகிறார்'. வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கு 100 பவுன் வழங்கவும் பணிக்கிறார். பிற்சேர்க்கைகளில் 200 பவுனும் மேலும் 300 பவுனும் கூட்டப்படுகின்றன. எலிசபெத் மர்ரேக்கு அளிக்கப்பட்டது 10,000 பவுன்.

இங்கு 'வழங்குகிறேன்' என்னாது 'உறுதிப்படுத்துகிறேன்' என்னும் பொருளுடைய சொல் ஆளப்பட்டிருப்பது எண்ணத்தக்கது. டைடோ ஏற்கெனவே விடுதலை பெற்றவராகக் கருதப்பட்டார் என்பதும், அதற்கு வேறு எழுத்துச்சான்று போதாது என்று அஞ்சப்பட்டது என்பதும் அச்சொல்லால் ஒருங்கே பெறப்படுகின்றன. இவ்வச்சத்திற்குக் காரணம் மேன்ஸ்ஃபீல்டே அறிவார். 1772 சூன் 22ஆம் நாள் சாமர்செட் வழக்கில் அவர் அளித்த தீர்ப்பு, அடிமை ஒருவரை வலிந்து நாடு கடத்த உரிமையாளருக்கு அதிகாரமில்லை என்றது. அது இங்கிலாந்தில் அடிமைமுறையையே ஒழித்ததாக மக்கள் கொண்டாடினர். ஆயின் 1785இல் வேறொரு வழக்கில், தாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை என்று அவரே தெளிவுபடுத்தினார். தம் தீர்ப்பின் எல்லையை நன்கறிந்த நீதிபதி, தம் வீட்டுப் பெண்ணின் விடுதலையை அத்தீர்ப்பின் பொறுப்பில் விடாமல் உயிலில் எழுதிவைத்தார். பிறந்த இடமும் தாயின் நிலையும் ஐயத்திற்கிடமாக இருந்தமையால் எழுத்தே காப்பாயிற்று.

சாமர்செட் தீர்ப்பில் டைடோவின் தாக்கம் இருந்ததா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. மேன்ஸ்ஃபீல்டின் வீட்டில் கறுப்பினப் பெண் இருப்பதால் தீர்ப்பு எவ்வாறு அமையும் என்பது தெரிந்ததே என்று ஜமைக்காத் தோட்ட முதலாளி ஒருவர் பழித்ததை ஹட்சின்சன் பதிந்துள்ளார். இது அன்று நிலவிய வதந்திக்குச் சான்றாகுமேயன்றி, தீர்ப்பின் காரணத்திற்குச் சான்றாகாது.

7. ஓவியம்

டைடோவும் எலிசபெத் மர்ரேயும் இணைந்திருக்கும் ஓவியம் 1779ஐ ஒட்டித் தீட்டப்பட்டது. இன்று ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் உள்ளது. நெடுங்காலம் இது சோஃபானியின் படைப்பாகக் கருதப்பட்டது. 2018இல் டேவிட் மார்ட்டின் தீட்டியதென அறிவிக்கப்பட்டது. ஓவியர் பெயரைப் போலவே, தீட்டப்பட்டவரின் பெயரும் மறைந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கென்வுட் பொருட்பட்டியல் எலிசபெத்தைப் பெயரிட்டு, மற்றவரைக் கறுப்பினப் பணிப்பெண் என்று மட்டும் குறித்தது. உயிலில் முழுப்பெயர் பெற்றவர், ஒரு நூற்றாண்டுக்குப் பின் பட்டியலில் பெயரிழந்தார். 1980களில்தான் அவ்வுருவம் மீண்டும் டைடோ என அடையாளங் காணப்பட்டது. காலம் செல்லச் செல்லச் சான்று பெருகும் என்னும் பொது எண்ணத்திற்கு இது மாறானது. முறைசாரா வளர்ப்பில் நினைவைச் சுமந்தவர்கள் மறைந்ததும் உறவும் மறைந்துவிடுகிறது.

8. திருமணமும் மக்களும்: சென்னைத் தொடர்பு

மேன்ஸ்ஃபீல்டு 1793 மார்ச் 20ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் ஹானோவர் சதுக்கப் புனித ஜார்ஜ் ஆலயத்தில் டைடோ, பிரெஞ்சு நாட்டவரான ஜான் டேவினியரை மணந்தார். இரட்டையரான சார்லஸ், ஜான் ஆகியோர் 1795இல் திருமுழுக்குப் பெற்றனர். வில்லியம் தாமஸ் 1802இல் பெற்றார். 1804 சூலையில் டைடோ தம் 43ஆம் வயதை ஒட்டி இறந்து, பேஸ்வாட்டரில் இருந்த புனித ஜார்ஜ் திடலில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விடுகாடு 1970களில் கட்டடங்களுக்காக அகற்றப்பட்டது.

மூத்த மகன் சார்லஸ் டேவினியர் கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். வில்லியமும் கும்பினியின் இலண்டன் அலுவலில் அமர்ந்தார். இங்கு நினைவிற்கொள்ள வேண்டிய பின்னணி ஒன்று உண்டு. இந்தியத் தாய்க்குப் பிறந்தோரைக் கும்பினி 1791இல் உயர்பணிகளிலிருந்து விலக்கியது. பெற்றோர் இருவரும் ஐரோப்பியர் அல்லாதோருக்குப் படை அதிகாரப் பணியில் இடமில்லை என 1795இல் விலக்கு மேலும் விரிந்தது. அடிமைத்தளையில் இருந்த ஆப்பிரிக்க மரபுப் பெண்ணின் பேரன் அதே கும்பினிப் படையில் அதிகாரியானார். திருமுழுக்குப் பதிவின் படிவம் பெற்றோரின் பெயரோடு நின்றுவிடுவது. அவர்களுடைய மரபை வினவாதது. பாட்டியை மறைத்த பதிவேட்டு மௌனமே பேரனுக்குத் தடையின்மையாக அமைந்தது எனக் கருத இடமுண்டு.

இவ்வழியில் கடைசியாக அறியப்படும் மரபினர் 1975இல் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். இனவொதுக்கல் நடைமுறையில் இருந்த அந்நாட்டில் அவர் வெள்ளையராகவே வகைப்படுத்தப்பட்டிருந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. டைடோ எலிசபெத் பெல் 1761ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பது திருமுழுக்குப் பதிவேட்டால் பெறப்படுகிறது. இங்கிலாந்துக்கு வெளியே பிறந்து 1765ஐ ஒட்டி அங்கு வந்தார் என்பது பீட்டியின் குறிப்பாலும் திருமுழுக்கின் காலத்தாழ்வாலும் வலுப்பெறுகிறது. ஹட்சின்சனின் ஸ்பானியக் கப்பல் கதை பதிவேட்டின் வயதோடு முரண்படுகிறது.

2. லிண்ட்சே தந்தை என்பது நாட்குறிப்பு, நாளேடு ஆகிய இரண்டாலும் உறுதிப்படுகிறது. ஆயின் அவருடைய உயிலில் உள்ள எலிசபெத் டைடோ அல்லர்.

3. 1774ஆம் ஆண்டின் விடுதலைச் சாசனம், டைடோவின் பிறப்புநிலை ஐயத்திற்குரியதாக இருந்தமையைக் காட்டுகிறது. மேன்ஸ்ஃபீல்டின் உயிலில் உள்ள 'உறுதிப்படுத்தல்' அவ்வையத்திற்கான மறுமொழியாகும்.

4. வளர்ப்பின் உண்மையான தன்மையைப் புகழுரைகளைவிடக் கணக்கேட்டின் எண்களே தெளிவாக உணர்த்துகின்றன.

ஒரே பெண் பதிவேட்டில் வேறொருவரின் மகளாகவும், நாட்குறிப்பில் குடும்பப் பெயரற்றவராகவும், கணக்கேட்டில் மூன்றிலொரு பங்கு உறவினராகவும், உயிலில் விடுதலை உறுதிசெய்யப்பட வேண்டியவராகவும், பொருட்பட்டியலில் பணிப்பெண்ணாகவும் காணப்படுகிறார். இவற்றுள் எதையும் தனித்து எடுத்தால் வரலாறு பிழைபடும். தமிழகத்தின் கோயிற்பதிவுகள், ஓலைகள், திருச்சபைப் பதிவேடுகள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றிலும் 'வளர்த்த பிள்ளை', 'அபிமான புத்திரன்', 'அடிமை' என்னும் சொற்களுக்கிடையே நின்றுவிட்ட குழந்தைகள் பலர் இருத்தல் கூடும். அவர்களைத் தேடுவோர் தத்துப் பத்திரம் இல்லை என்பதைத் தேடலின் முடிவாகக் கொள்ளாமல், சமையற் செலவு வரையிலான சிறு பதிவுகளையும் ஒப்புநோக்கத் தொடங்குவதற்குரிய இடமாகக் கொள்வது நன்று.